உணவக வாசலில் நின்ற போர்க்கால லாரி: ஒரு மீட்புப் பணியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரில் ஓய்வு நேரத்தில் பழைய இராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் நால்வர் குழு ஒன்று, இரண்டாம் உலகப் போர்க்கால லாரி ஒன்றை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பணியின் போக்கை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. குழுவின் மூத்தவர் தேசிய சேவை எனும் கட்டாய இராணுவப் பணிக் காலத்தை இராணுவ வாகனப் பராமரிப்பில் கழித்து, பின்னர் பேருந்துப் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் கப்பல் பட்டறையில் வெல்டர். மூன்றாமவர் தேசிய சேவையில் ஓட்டுநராக இருந்துவிட்டு அண்மையில் வெளிவந்த இளைஞர். நான்காவது ஆளான நான் பாகங்களைத் தேடி வாங்குவதையும் பதிவேடு எழுதுவதையும் பார்த்துக்கொண்டேன்.

இந்த வண்டியை எடுக்கலாம் என்று சொன்னவர் மூத்தவர். அவருடைய தந்தை ஜொகூரில் ரப்பர் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்தவர். போர் முடிந்த பின் மலாயாவில் இராணுவம் கழித்துவிட்ட லாரிகள் பல தோட்டங்களிலும் மரம் வெட்டும் காடுகளிலும் வேலைக்கு வந்தன; அப்படி ஒரு லாரியின் முன்பகுதியைப் பற்றி, மூக்கு உள்வாங்கிய முகம் என்று, தந்தை சொல்லக் கேட்டிருந்தார். உணவகம் ஒன்று மூடப்படுவதாகவும் அதன் வாசலில் அலங்காரமாக நிற்கும் லாரியை யாரேனும் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று இருப்பதாகவும் தகவல் வந்தபோது, படத்தைப் பார்த்ததுமே அவர் வண்டியை அடையாளம் கண்டுகொண்டார்.

வண்டி

அது கனடாவில் தயாரான ஷெவர்லே சி15ஏ. போர்க்காலத்தில் கனடாவின் தொழிற்சாலைகள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களைத் தயாரித்தன. அவற்றில் ஏறத்தாழ பாதி, பிரிட்டிஷ் இராணுவத்தின் தேவைக்கேற்ப வலப்பக்கம் ஓட்டும் விதத்தில் வடிவமைக்கப்பட்ட கனடிய இராணுவ வகை லாரிகள். ஜெனரல் மோட்டார்ஸ் ஒன்டாரியோ மாநிலத்தின் ஓஷாவாவிலும், ஃபோர்டு அதே மாநிலத்தின் வின்ட்சரிலும் இவற்றைச் செய்தன. பெயரில் உள்ள சி என்பது ஷெவர்லேயையும், 15 என்பது 15 ஹண்ட்ரட்வெயிட் சுமையையும், அதாவது ஏறத்தாழ 760 கிலோவையும், ஏ என்பது 101 அங்குலச் சக்கர இடைவெளியையும் குறிக்கின்றன. நான்கு சக்கரத்துக்கும் இழுவிசை உண்டு. 216 கன அங்குல ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 85 குதிரைத்திறன். முன்கண்ணாடியின் அடிப்பாகம் உள்வாங்கி, மேற்பாகம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். விமானத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் கண்ணாடியின் பளபளப்பு படாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. மூத்தவரின் தந்தை சொன்ன உள்வாங்கிய மூக்கு இதுதான்.

உணவகம் வண்டிக்கு மினுமினுக்கும் பச்சை வண்ணம் அடித்திருந்தது. தகவல் தகடுகள், கிரீஸ் முனைகள், சக்கர நட்டுகள் எதையும் விடாமல் தூரிகை போயிருந்தது. பின்தட்டில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து நாள்தோறும் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அந்தத் தண்ணீரே வண்டிக்குப் பெரும் கேடாக முடிந்தது: பலகைகள் மக்கி, அடியில் குறுக்குச் சட்டத்தின் மேல்முகம் விரலால் அழுத்தினால் உதிரும் அளவுக்குத் துருப்பிடித்திருந்தது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் வெயிலிலும் மழையிலும் நின்ற முன்கூண்டு அதைவிட நல்ல நிலையில் இருந்தது குறிப்பிடத்தக்கது. நனைந்து காயும் இரும்பைவிட, காயவே காயாத இரும்புதான் விரைவில் போகிறது.

முதற்கட்ட ஆய்வு

சுங்கை காடுட்டில் தெரிந்தவரின் பட்டறை முற்றத்தில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்து, தாழ்ந்த தளமுள்ள சுமை வண்டியான லோ லோடரில் வண்டியைக் கொண்டுவந்தோம். முதல் சில வாரங்கள் எதையும் கழற்றவில்லை. படம் எடுப்பது, அளப்பது, குறிப்பது மட்டுமே நடந்தன. இளைஞருக்கு இது பொறுக்கவில்லை. எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றிப் பார்த்து, பேட்டரி கொடுத்து, ஒரு முறையாவது சத்தம் கேட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் யாருக்கும் அந்த ஆசை இருக்கும்.

மூத்தவர் அதற்கு இணங்கவில்லை. வண்டியைத் தாங்குபவை, நிறுத்துபவை, தீப்பிடிக்கக்கூடியவை ஆகிய மூன்றும் முடிந்த பிறகே ஓட்டுபவை என்ற வரிசையை அவர் வைத்தார். எஞ்சின் ஓடிவிட்டால் வண்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கத் தோன்றும், நகர்த்தினால் பிரேக் வேண்டும், பிரேக் இல்லாவிட்டாலும் முற்றத்துக்குள்தானே என்று மனம் சமாதானம் சொல்லும் என்பது அவருடைய வாதம். இந்தப் பணியில் எடுத்த முடிவுகளிலேயே பயன் மிக்கது இந்த வரிசைதான் என்பது என் கணிப்பு. பின்னர் நடந்தவை அதற்குச் சான்று.

சாலைக்கா, முற்றத்துக்கா

வண்டியைச் சாலையில் ஓட்டுவதா என்ற கேள்வியை முதலிலேயே தீர்த்துக்கொண்டோம். 35 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களை ஆண்டில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் ஓட்ட நிலப் போக்குவரத்து ஆணையத்தின் திட்டம் ஒன்று இடமளிக்கிறது என்றாலும், இந்த வண்டிக்கு முதற்பதிவு ஆவணம் என்று எதுவும் இல்லை. உணவகத்துக்கு அது ஒரு மேசை நாற்காலி போல அலங்காரப் பொருளாகவே வந்திருந்தது. ஆவணத்தைத் தேடிக்கொண்டே வேலை பார்த்தால் எதையும் உறுதியாக முடிவு செய்ய முடியாது. ஆகவே தனியார் இடத்துக்குள் மட்டும் ஓடும் வண்டி, வெளியே போவதென்றால் லோ லோடரில் போகும் வண்டி என்று வைத்துக்கொண்டோம். இதனால் செலவும் குறைந்தது. விளக்குகளையும் சமிக்ஞைகளையும் இன்றைய விதிக்கு மாற்ற வேண்டியதில்லை. பழைய 6 வோல்ட் மின்னமைப்பை அப்படியே விட்டுவைக்கலாம். ஆனால் பிரேக்கில் எந்தச் சலுகையும் எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் அன்றே எழுதிக்கொண்டோம். மூன்று டன்னுக்கு நெருங்கிய இரும்பு முற்றத்தில் மோதினாலும் சாலையில் மோதினாலும் ஒன்றுதான்.

சக்கரங்கள்

இந்த வண்டியின் ரிம் இன்றைய லாரி ரிம்மைப் போன்றதன்று. இரண்டு பாதிகளாகச் செய்து, டயரை நடுவில் வைத்து, சுற்றிலும் நட்டுகளால் இறுக்கிய பிளவு ரிம் அது. ஆகவே சக்கரத்தைப் பார்த்தால் நட்டுகள் இரண்டு வட்டங்களாகத் தெரியும். உள்வட்டம் சக்கரத்தை அச்சோடு பிணைப்பது. வெளிவட்டம் ரிம்மின் இரு பாதிகளையும் பிணைப்பது. டயரில் காற்று இருக்கும்போது உள்வட்டத்தைக் கழற்றினால் சக்கரம் கையோடு வரும். வெளிவட்டத்தைக் கழற்றினால் கடைசி சில நட்டுகள் தாங்க முடியாமல் அறுந்து, வெளிப்பாதி பாய்ந்து வரும். இதனாலேயே பிரிட்டிஷ் இராணுவத்தில் வெளிவட்ட நட்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் அடிக்கும் வழக்கம் இருந்தது. நம் வண்டியில் அந்தச் சிவப்பை உணவகத்தின் பச்சை மூடியிருந்தது.

வண்டியை முற்றத்துக்குள் நகர்த்துவதற்காக, வந்த அன்று டயர்களுக்குக் காற்று ஏற்றப்பட்டிருந்தது. பிரேக் டிரம்மைப் பார்ப்பதற்காக இடப்பக்க முன்சக்கரத்தை எடுக்கச் சொன்னபோது, இளைஞர் ஜாக்கி வைத்துத் தூக்கி, கைக்கு எளிதாக எட்டிய வெளிவட்ட நட்டு ஒன்றில் ஸ்பேனரை மாட்டி, மேலே குழாய் செருகி அழுத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இது கழலவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து ஏறி மிதிங்களேன்.”

மூத்தவர் வந்து பார்த்து, ஏறி மிதிக்காமல், “தம்பி, கையை எடு. பக்கவாட்டுல தள்ளி நில்லு,” என்றார். பிறகு துணியில் தின்னரை நனைத்து அந்த நட்டின் தலையைத் துடைத்தார். பச்சைக்கு அடியில் காவிபோல் மங்கிய சிவப்பு தெரிந்தது.

துரு பிடித்து இறுகியிருந்ததே அன்று நம்மைக் காத்தது. டயரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று இருந்தது. 16 அங்குல ரிம்மின் முகப்பரப்பு ஏறத்தாழ 200 சதுர அங்குலம். இரு பாதிகளையும் பிரிக்க முயலும் விசை இதன்படி 6,000 பவுண்டு, அதாவது 2,700 கிலோவுக்கு மேல். ஆளின் நெஞ்சு உயரத்தில் அது விடுபட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு நடைமுறையை வகுத்தோம். எந்தச் சக்கரத்திலும் ஸ்பேனர் படுவதற்கு முன் வால்வின் ஊசியைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். சும்மா காற்றை இறக்கினால் போதாது. பழைய டியூபின் வால்வு உள்ளே அடைத்துக்கொண்டு, காற்று முழுதும் போய்விட்டது போல் தோன்றலாம் என்பதால், மெல்லிய கம்பி ஒன்றை வால்வுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். வெளிவட்ட நட்டுகள் எல்லாவற்றுக்கும், வேறு எந்த வேலைக்கும் முன்பாக, மீண்டும் சிவப்பு அடிக்க வேண்டும். கழற்றிய ஊசியைக் கழற்றியவர் தன் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும் என்பது மூத்தவர் சேர்த்தது. ஊசி அவரிடம் இருக்கும்வரை வேறு யாரும் காற்று ஏற்ற முடியாது.

ரிம்களைப் பிரித்துச் சுத்தம் செய்தபோது, ஐந்தில் ஒன்றில் போல்ட் துளையைச் சுற்றி முடிபோல் விரிசல் கண்டது. வெல்டர் நண்பர் அதை அடைத்துத் தருவதாகச் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். அழுத்தம் தாங்கும் விளிம்பில் வெல்டிங் செய்வது தன் தொழிலில் தகுந்த சோதனையின்றி அனுமதிக்கப்படாத காரியம் என்று அவரே மறுத்தார். அந்த ரிம்மை வெட்டிப் போட்டுவிட்டு, நான்கு சக்கரங்களோடு, மாற்றுச் சக்கரம் இல்லாமல் இருக்க முடிவு செய்தோம்.

புதிய 9.00-16 டயர்களை மாட்டியபின் காற்றடைப்பதற்கு இரும்புக் கூண்டு தேவைப்பட்டது. அருகிலிருந்த லாரி டயர் கடை ஒன்றில் கூண்டு இருந்தது. ஆனால் அங்கிருந்தவர்கள் இந்த வகை ரிம்மைப் பார்த்ததில்லை. எனவே ரிம்மைப் பூட்டி, நட்டுகளை எதிரெதிராகப் படிப்படியாக இறுக்கும் வேலையை நாங்களே செய்துகொண்டு, கடைக்குக் காற்றுக்காக மட்டும் சென்றோம். நீண்ட குழாய், கவ்விப் பிடிக்கும் முனை, ஆள் ஓரமாக நிற்பது ஆகிய மூன்றும் இருந்தால் அந்த வேலை மிகச் சாதாரணமானதுதான்.

கழித்த டயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை முற்றத்தின் மூலையில் அடுக்கி வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் தொழிற்பேட்டைகளுக்கும் சோதனைக்கு வருவார்கள். வண்டியை மூடிய படுதாவின் குழிவில் நிற்கும் தண்ணீருக்கும் இதே கதிதான். டயர்களை அன்றே அனுப்பிவிட்டு, படுதாவுக்கு அடியில் வளைகம்பி போட்டோம்.

பிரேக்

வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் டிரம் பிரேக். ஆனால் ஒரே சுற்று: மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் எண்ணெய் எந்த ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். இன்றைய கார்களைப் போல இரண்டு தனிச் சுற்றுகள் இல்லை. மிச்சமிருப்பது கைப்பிரேக் மட்டுமே. ஆகவே கைப்பிரேக்கை முதலில் சரிசெய்து, கயிற்றில் கட்டி இழுத்துச் சோதித்த பிறகே மற்றதைத் தொட்டோம்.

டிரம்களைத் திறந்தபோது உள்ளே சாம்பல் நிறத் தூசி படிந்திருந்தது. அக்காலப் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவது பட்டறைகளில் கைவந்த பழக்கம். இங்கே அதற்கு இடமில்லை. தூசியைத் தண்ணீர் தெளித்து நனைத்து, தகுந்த முகக்கவசத்தோடு துடைத்து, துணியையும் பழைய லைனிங்கையும் பையில் கட்டி, உரிமம் பெற்ற கழிவுச் சேகரிப்பாளரிடம் ஒப்படைத்தோம்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் விவாதம் நீண்டது. வழக்கமான டாட் 4 கிளைகோல் வகைப் பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஓயாமல் ஓடும் வண்டியில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில், அதுவும் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் ஊரில், உறிஞ்சிய ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரித்துவிடும். சிலிக்கோன் வகையான டாட் 5 ஈரத்தை உறிஞ்சாது, வண்ணத்தையும் அரிக்காது. ஆனால் அதற்கும் குறைகள் உண்டு. உள்ளே புகும் தண்ணீர் எண்ணெயில் கலக்காமல் குழாயின் தாழ்ந்த இடத்தில் தனியாகத் தேங்கும். ஊற்றும்போது நுண்குமிழிகள் சேர்ந்துகொண்டால் மிதி பஞ்சு போலாகும். பழைய எண்ணெயின் மிச்சத்தோடு சேரவே கூடாது. அமெரிக்க இராணுவம் 1980களில் தன் வாகனங்களைச் சிலிக்கோனுக்கு மாற்றியதை மூத்தவர் எடுத்துக்காட்டினார். குழாய்கள் எல்லாவற்றையும் எப்படியும் புதிதாகப் போடப் போகிறோம், பழைய எண்ணெயின் மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்ற காரணத்தால் சிலிக்கோன் என்று முடிவாயிற்று. இரும்புக் குழாய்களுக்குப் பதில் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் போட்டோம். குழிவிழுந்த சிலிண்டர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு உறை செருகினோம். எண்ணெய்த் தொட்டியின் மூடியில் ‘சிலிக்கோன் மட்டும்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினோம்.

சிலிண்டருக்குள் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப்புகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, போர்க்காலத்திலேயே தயாராகி, பிரிக்கப்படாத பெட்டியில் இன்றுவரை இருப்பில் இருந்தவை. மற்றொன்று, இன்றைய தயாரிப்பில் அதே விட்டம் உள்ளவை. அசல் பாகம் என்ற மதிப்பும், மெழுகுத்தாளில் சுற்றி, கையில் எடுத்தால் புதிதாகவே தெரிந்த தோற்றமும் முதல் வழியின் பக்கம் குழுவைச் சாய்த்தன. பின்சக்கரங்களுக்கு அவற்றையே போட்டோம். முன்சக்கரங்களுக்கு வேண்டிய அளவு அந்த இருப்பில் இல்லாததால், அங்கே புதிய தயாரிப்பு போயிற்று.

எஞ்சின்

எஞ்சின் இறுகிப் போயிருக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவைத்துக் கைப்பிடியால் சுற்றியபோது அசைந்தது. அப்போதும் ஓட்டவில்லை. காரணம் இந்த எஞ்சினின் அமைப்பு.

216 ஷெவர்லேயில், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளில், இன்றைய எஞ்சின்களில் உள்ளதுபோல் கழற்றி மாற்றும் பேரிங் ஓடுகள் இல்லை. பாபிட் எனும் மென்மையான வெள்ளீயக் கலவை உலோகத்தை ராடிலேயே உருக்கி வார்த்திருக்கிறார்கள். அவற்றுக்கு எண்ணெய் அழுத்தத்தோடு போவதுமில்லை. ஒவ்வொரு ராடின் அடியிலும் சிறு அகப்பை போன்ற ஒரு நீட்சி உண்டு. சுற்றும்போது அது எண்ணெய்ச் சட்டியில் உள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளிக்கொள்ளும். வேகம் கூடும்போது சிறு முனைகளிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் அந்த அகப்பையில் போய் விழும். ஆகவே தொட்டிகளில் சேறு நிறைந்தாலோ முனை ஒன்று வளைந்திருந்தாலோ, எண்ணெய் அழுத்தமானியில் எந்த மாற்றமும் தெரியாமலேயே ஒரு ராட் மட்டும் எண்ணெயின்றி எரிந்துபோகும்.

எண்ணெய்ச் சட்டியை இறக்கியபோது, இரண்டாம் தொட்டியில் பாதிக்கு மேல் கெட்டியான கருஞ்சேறு படிந்திருந்தது. தேக்கரண்டியால் வழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆசைக்கு ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால், அந்தச் சிலிண்டரின் பாபிட் மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே. சட்டியைச் சுத்தம் செய்து, முனைகள் நேராக இருப்பதைச் சரிபார்த்து, ராடுகளின் இடைவெளியை அளந்து, தேவைப்பட்ட இடத்தில் தகட்டு ஷிம் ஒன்றை எடுத்துக் குறைத்தோம். வார்த்த பாபிட்டுக்கு இந்த ஊரில் ஆள் கிடைப்பது அரிது என்பதால் இந்த வேலையில் யாரும் அவசரம் காட்டவில்லை.

எரிபொருளுக்கு அசல் டாங்கியை நம்பாமல், சிறு படகுகளில் வைக்கும் தனிப் பெட்ரோல் கேனை இணைத்தோம். இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் தாழ்ந்தது. 92 ஆக்டேன் பெட்ரோலே தாராளம். பழைய ரப்பர்க் குழாய்கள் முழுவதும் மாற்றப்பட்டன. உலர்தூள் தீயணைப்பான் ஒன்று வண்டியிலும் மற்றொன்று பத்தடி தள்ளியும் வைக்கப்பட்டன. 6 வோல்ட் மின்னமைப்பில், அதே திறனுக்கு 12 வோல்ட்டைவிட இருமடங்கு ஆம்பியர் போக வேண்டும். தடித்த கேபிளும் துருவின்றிச் சுரண்டிய தரை இணைப்பும் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் முனகும். இந்த வண்டிகளில் பலர் 12 வோல்ட்டுக்கு மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் மின்னழுத்தம் அன்று, மெல்லிய கேபிள்தான்.

கைப்பிடியின் சில சுற்றுகளிலேயே எஞ்சின் பற்றிக்கொண்டது. எண்ணெய் அழுத்தம் 14 பவுண்டில் நின்றதைக் கண்டு, குறைவு என்று எண்ணி இளைஞர் அணைக்கப் போனார். இந்த எஞ்சினுக்கு அதுவே இயல்பு.

இரும்பு, மரம், வண்ணம்

உதிர்ந்த குறுக்குச் சட்டத்தை வெட்டியெடுத்துப் புதிதாகச் செய்து வைத்தார் வெல்டர். பின்தட்டுக்குக் கெருயிங் மரம். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர் தேய்ப்பு இல்லை. தகவல் தகடுகளை மட்டும் பல மாலைகள் செலவிட்டுக் கையால் சுத்தம் செய்தோம். 1943 என்ற ஆண்டு அங்கே தெரிந்தது. மின்னும் பச்சைக்கு அடியில் பழுப்பும் வேறொரு பச்சையும் அடுக்குகளாக இருந்ததால், கதவின் உட்புறத்தில் ஒரு கை அகலத்துக்கு அவற்றைத் தொடாமல் விட்டிருக்கிறோம்.

ஓட்டமும் அதன் பின்னும்

முற்றத்துக்குள் ஓட்டுவதற்கு விதிகள் எழுதப்பட்டன. முதல் கியர் மட்டும். கான்கிரீட் தரையில் முன் அச்சைச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் அச்சுகளுக்கு இடையே முறுக்கேறி கியர் கழலாது. ஒருவர் சக்கரத்தடியில் வைக்கும் கட்டையோடு பக்கத்தில் நடந்து வர வேண்டும். ஓட்டுபவர் ஒரு கையைக் கைப்பிரேக்கின் அருகிலேயே வைத்திருக்க வேண்டும். கடைசி விதி மிகையானது என்று குழுவில் பேச்சு எழுந்தது.

சில மாதங்கள் சிக்கலின்றி ஓடியது. பள்ளி ஒன்றின் மரபுடைமை நிகழ்ச்சிக்கு லோ லோடரில் ஒரு முறை போய்வந்தது. நிகழ்ச்சியில் எஞ்சினை ஓட்டவில்லை. அதன்பின் ஒரு நாள், முற்றத்தின் சரிவில் இறங்கும்போது, இளைஞர் பிரேக்கை மிதிக்க, மிதி தடையின்றித் தரையைத் தொட்டது. கைப்பிரேக்கை இழுத்தார். வண்டி சறுக்கி, கட்டை வைக்கப்பட்ட இடத்தில் நின்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை; வண்டிக்கும் சேதமில்லை.

இடப்பக்கப் பின்சக்கரத்தின் டிரம் முழுவதும் எண்ணெய். கப்பைக் கழற்றி விளிம்பை விரலால் வெளிப்பக்கம் மடித்துப் பார்த்தபோது, வளைவு நெடுகிலும் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. ஓரிடத்தில் விளிம்பு நகத்தளவு பெயர்ந்தே போயிருந்தது. வலப்பக்கப் பின்சக்கரத்தின் கப்பும் அதே நிலையை நெருங்கிக்கொண்டிருந்தது. முன்சக்கரங்களில் போட்ட புதிய தயாரிப்புக் கப்புகள் வழவழவென்று கெடாமல் இருந்தன. எண்ணெய் நான்குக்கும் ஒன்றே, வேலை செய்த கையும் ஒன்றே. வேறுபாடு ரப்பரின் வயது மட்டும்தான். இரும்புப் பாகம் பெட்டிக்குள் எண்பது ஆண்டு இருந்தாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ரப்பர், மெழுகுத்தாளுக்குள் இருந்தாலும், உள்ளூர இறுகிக்கொண்டே போகும். தட்டையாக வைத்துப் பார்க்கும்போது அது தெரியாது, வளைத்தால்தான் தெரியும்.

அசல் பாகம் வேண்டும் என்ற விருப்பத்தை நான் குறைசொல்லவில்லை. தகவல் தகட்டிலும் கதவின் உட்புற வண்ணத்திலும் அந்த விருப்பமே நமக்கு நல்ல பலன் தந்தது. ஆனால் சிலிண்டருக்குள் மறைந்திருக்கும் கப் அசலா புதியதா என்று வண்டியைப் பார்க்க வருகிற யாருக்கும் தெரியப் போவதில்லை; மிதிக்கும் காலுக்கு மட்டும் தெரியும்.

மாற்றியவை

பின்சக்கரக் கப்புகளுக்கும், முன்னெச்சரிக்கையாக மாஸ்டர் சிலிண்டருக்கும், இன்றைய தயாரிப்பில் அதே அங்குல விட்டமும் அதே விளிம்பு ஆழமும் உள்ளவற்றைத் தேடிப் போட்டோம். இவ்வகைச் சிலிண்டர்களின் விட்டங்கள் பெரும்பாலும் வழக்கமான அங்குல அளவுகளே என்பதால், வண்டியின் பெயரைச் சொல்லித் தேடாமல் அளவைச் சொல்லித் தேடினால் எளிதில் கிடைக்கும். எந்த ரப்பர்ப் பாகத்தையும் இனிப் பெட்டியில் உள்ள தேதியைப் பார்த்தே வாங்குவது, மாட்டும் முன் விளிம்பை மடித்து விளக்கொளியில் பார்ப்பது, தேதியில்லாத ரப்பரை வாங்காமலே விடுவது என்று பதிவேட்டில் சேர்த்தோம்.

பராமரிப்பு முறையிலும் மாற்றம் வந்தது. முதலில் வாரந்தோறும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டி அணைத்துவந்தோம். அந்த ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால், எரிதலில் உண்டாகும் நீராவி எண்ணெயில் தங்கிவிடுகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசை படிந்ததைக் கண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ரேடியேட்டர் நன்கு சூடேறும்வரை ஓட்டுவது என்று மாற்றினோம். ஒவ்வொரு முறையும் சக்கரங்கள் அரைச் சுற்றாவது நகர்கின்றன. உறைபனி இல்லாத ஊர் என்பதால் ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீரே போதும் என்ற எண்ணம் இங்கே பலரிடம் உண்டு. உறையாமல் இருப்பதற்குக் கூலன்ட் வேண்டாம்தான், துருப்பிடிக்காமல் இருப்பதற்கு வேண்டும். கூலன்ட் ஊற்றியிருக்கிறோம்.

மற்றொரு வண்டியை எடுத்தால் வரிசை இதுவாகவே இருக்கும். ஒன்று மட்டும் முன்னுக்கு வரும். சக்கர நட்டுகளுக்குச் சிவப்பு அடிப்பதை, வண்டி லோ லோடரில் ஏறும் முன்பே, அது நிற்கும் இடத்திலேயே செய்துவிட வேண்டும். முற்றத்துக்கு வந்தபின் ஆளுக்கொரு வேலை கையில் வந்துவிடுகிறது.

இப்போது ஸ்டியரிங் பெட்டியில் தளர்ச்சி இருக்கிறது. அதற்கான பாகத்தை, இந்த வகை வண்டிகள் இன்னும் நிறைய இருக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து தருவிக்க ஏற்பாடு நடக்கிறது. சுங்கை காடுட் வட்டாரம் மறுமேம்பாட்டுக்கு உட்படுவதால் முற்றத்தின் குத்தகை தொடருமா என்பதும் கேள்வி. வடக்கே வேறோர் இடம் பார்த்துவருகிறோம். பாகம் வந்து பொருத்தப்படும்வரை வண்டி சரிவுப் பக்கம் இறக்கப்படாது.